கருப்பி போட்ட முட்டை

அத்தியாயம் 11

ரத்தினம் கோழிக்கூட்டுக்குள் கையை விட்டு எடுத்தபோது அது முட்டையாகத்தான் தெரிந்தது. உள்ளங்கையில் வைத்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து தளும்பியது. ஓடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

"இன்னிக்கும் தோல் முட்டைதான்," என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

வேப்பமரத்தடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த மகள் சுகந்தி வாயிலிருந்த நுரையைத் துப்பினாள். "மெதுவாச் சொல்லும்மா. மதினி காதுல விழப்போகுது."

"விழுந்தா என்ன? அவளுக்குத் தெரியாததா?"

தெருவுக்கே தெரிந்ததுதான். பங்குனி பிறந்ததிலிருந்து இவர்கள் வீட்டு நாட்டுக்கோழிகள் இப்படித்தான். முதலில் ஓடு மெலிந்தது. விரல் பட்டாலே நொறுங்கியது. பிறகு ஓடே இல்லாமல் போனது. அடை வைக்க ஒரு முட்டை தேறவில்லை. அடுத்த வீட்டுத் தங்கம்மாளின் கோழிகளோ அதே தெருவில், அதே வெயிலில், கல்லு மாதிரி முட்டை போட்டன. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"முட்டைக்கே ஓடு நிக்காத வீட்டுல வயித்துப்பிள்ளை எப்படி நிக்கும்?" காரியாபட்டியிலிருந்து வந்து தங்கியிருக்கும் அத்தை பிச்சையம்மாள் போன வாரம் இதை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். இரண்டாம் தடவை கேட்க வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை.

சுகந்தியின் அண்ணன் முகேஷ் ஓசூர்ப் பக்கம் ஜேசிபி ஓட்டுகிறான். ஃபோனில் குரல் மட்டும் வரும். அவன் மனைவி ஜோதிகாவுக்கு இது நாலாம் மாதம். போன வருஷம் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அத்தை வாயைத் திறந்த மறுநாளே கோழிக்கூட்டுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புத் துணிப்பை கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான். நாலு பக்கமும் மூடித் தைத்திருந்தது. மூலையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே சாம்பலும் ஒரு கொத்துத் தலைமுடியும். பிச்சையம்மாள் உடனே கோடாங்கியிடம் ஓடினாள். வந்த பொம்பளைக்கும் இந்த மண்ணுக்கும் ஒத்துவரவில்லை, பிள்ளை தங்க வேண்டுமென்றால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று அவன் உடுக்கடித்துச் சொல்லிவிட்டானாம்.

கோழிக்கு ஓடு பிடிக்கவில்லை என்றால் அதற்கும் ஒரு பொம்பளைதான் பொறுப்பு. நினைக்க நினைக்கச் சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று சாயங்காலம் நரிக்குடி பஸ்ஸில் ஜோதிகாவை ஏற்றிவிடுவதாக முடிவாகியிருந்தது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, தாய்வீட்டார் முறையாக வந்து அழைத்துப் போக வேண்டியவள். நாலாம் மாதத்தில் கையில் பையோடு போய் இறங்கினால் நரிக்குடியில் என்ன பேசுவார்கள்? பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டாலும் பேச்சு, ஆகாவிட்டாலும் பேச்சு. திரும்பி வர யார் நாள் குறிப்பார்கள்?

ரத்தினம் மறுபடி கூட்டுக்குள் துழாவினாள். "இந்தா, இது ஒண்ணு கெட்டியாத்தான் இருக்கு. கருப்பி போட்டது. அவ மட்டும் என்னைக்கும் இப்படித்தான்."

சுகந்தி வாய் கொப்பளிப்பதை நிறுத்தினாள். "என்னைக்குமா?"

"ஆமா. ஊர் சுத்திக் கழுதை. சொல் பேச்சுக் கேக்காதது நல்லாத்தான் போடுது."

"இதை ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட? நீ பாட்டுக்குக் கிளிஞ்சலை இடிக்கிறதும், முட்டை ஓட்டை வறுத்துப் பொடிக்கிறதுமா இருந்த."

அதுவும் உண்மை. சுகந்தி வேதியியல் படித்தவள். அந்த வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள். ஓடு இல்லையென்றால் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று தீர்மானித்து, பச்சை ஓட்டைப் போட்டால் கோழி ருசி கண்டு முட்டையையே கொத்தும் என்பதால் வறுத்துப் பொடித்து, கம்போடு கலந்து வைத்தாள். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் வைத்தாள். கூட்டுக்கு மேல் கீற்று போட்டு நிழல் பண்ணினாள். எதற்கும் மசியவில்லை.

ஆனால் கருப்பியும் அதே கூட்டில்தான் அடைகிறது. அதே கம்பு, அதே கிளிஞ்சல், அதே வெயில். அதற்கு மட்டும் ஓடு எங்கிருந்து வருகிறது?

*

உள்ளே ஜோதிகா துணி அடுக்கி முடித்திருந்தாள். ஜிப்பு வைத்த பெரிய பை, சுவரோரம். அதை நகர்த்தி வைக்கலாம் என்று தூக்கிய சுகந்திக்குத் தோள்பட்டை இழுத்தது.

"என்ன மதினி, உள்ள ஆட்டுக்கல்லையா வச்சிருக்கீக?"

"ரெண்டு சேலைதான். வை சுகந்தி, நான் பாத்துக்கிறேன்."

"நீங்க வெயிட்டுத் தூக்கக்கூடாது. பத்து நாளைக்கு எதுக்கு இம்புட்டு?"

"பத்து நாளுன்னு யாரு சொன்னா?" ஜோதிகா கேட்டுவிட்டு, உடனே சிரித்தாள். "இல்ல, உங்க அத்தை கூப்பிடணும்ல, அதைச் சொன்னேன்."

சுகந்தி பையைக் கீழே வைத்தாள். "ஒரு வார்த்தை எதுத்துப் பேசுங்களேன். போகமாட்டேன்னு சொல்லுங்க. நான் உங்க பக்கம் நிக்கிறேன்."

"எதுக்கு? நான் போறதுதான் எல்லாருக்கும் நல்லது."

அழுதிருந்தால் கூடப் புரிந்திருக்கும். அவள் அழவில்லை. இவ்வளவு மிரட்டி வைத்திருக்கிறார்களே என்று சுகந்திக்கு அத்தை மேல்தான் ஆத்திரம் திரும்பியது. மாடக்குழியிலிருந்து சிவப்புத் துணிப்பையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

பிச்சையம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். தம்பி இருளாண்டி, சுகந்தியின் அப்பா, இறந்தபிறகு இந்த வீட்டில் தன் சொல்தான் கடைசிச் சொல் என்று நினைப்பவள்.

"அத்தை, இதைக் கொண்டாந்து வச்சது நீங்கதான?"

"என்னத்தைடி சொல்லுற?"

"உங்க மகளை அண்ணனுக்குக் கேட்டீக. அவன் நரிக்குடியில எடுத்துட்டான். அன்னையிலருந்து மதினியைக் கண்டா உங்களுக்கு ஆகல."

"ஆகலதான். நான் மூடி மறைச்சேனா? கல்யாணப் பந்தல்லயே சொன்னேன், இவ நமக்குத் தோது இல்லைன்னு. வாயால சொல்லத் தெரிஞ்சவ, கூட்டுக்கடியில எதுக்குடி ஒளிச்சு வைக்கணும்?" பிச்சையம்மாள் அந்தப் பையைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். கட்டை விரலால் அதன் ஓரத்தைத் தடவினாள். "பொடிப்பொடியாத் தையல். எனக்குக் கண்ணுல புரை விழுந்து கிடக்கு. ஊசியில நூல் கோக்கவே ஆள் தேடுறேன். உன் சந்தேகத்தைக் கண்ணு தெரிஞ்சவுக மேல போடு."

"ஆள் வச்சுச் செஞ்சிருப்பீக."

"காலேசுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாகளா, ஆதாரம் இல்லாட்டியும் அடிச்சுப் பேசலாம்னு?"

சுகந்தி பையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் புளியங்கொட்டை சட்டியில் விழும் சத்தம் அதே தாளத்தில் கேட்டது. பொய் சொல்கிறவளின் கை இப்படி நிதானமாக ஓடுமா என்று ஒரு கணம் தோன்றியது. அதைச் சுகந்தி ஒதுக்கித் தள்ளினாள்.

*

மத்தியானம் அவள் கருப்பியின் பின்னாலேயே போனாள்.

வெயில் ஏற ஏற மற்ற கோழிகள் இறக்கையைப் பரத்தி, வாயைப் பிளந்துகொண்டு, வேம்படியில் இருந்த தொட்டியைச் சுற்றி நின்றன. குடித்தன, நிமிர்ந்தன, மறுபடி குடித்தன. தாகம் அடங்குவதாகவே தெரியவில்லை. கருப்பி மட்டும் தொட்டிப் பக்கம் தலை வைக்கவில்லை. முள்வேலியில் ஒரு சந்தைக் கண்டுபிடித்து அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, ஆட்டுத்தொட்டி விளிம்பில் ஏறி நின்று நிதானமாகக் குடித்தது.

"என்ன டீச்சரம்மா, கோழி மேய்க்க வந்தாச்சா?" தங்கம்மாள் ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். "உங்க கருப்பி தண்ணிக்கு இங்கதான் வரும். நானும் என்னமோன்னு பாக்குறேன். மிஷினெல்லாம் வாங்கி மாட்டுன வீட்டுல கோழிக்குத் தண்ணி இல்லையாக்கும்."

"இது எந்தத் தண்ணி சின்னம்மா?"

"ஊருணித் தண்ணிதான். வேற எது? எங்க வீட்டுல மிஷினா இருக்கு?"

மிஷின்.

சுகந்தி வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தொட்டியோரம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இத்தனை நாளும் அதைப் பார்க்கத்தான் செய்தாள். தான் கலந்த சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். தொண்டை வரை கரித்தது.

மாசியில் அவள்தான் அந்தத் தண்ணீர் மிஷினை வாங்கினாள். போர்த் தண்ணீர் உப்பு, பிள்ளைத்தாய்ச்சி அதைக் குடிக்கக்கூடாது என்று தன் சம்பளத்தில் வாங்கி, அடுப்படிச் சுவரில் மாட்டி, எல்லாருக்கும் விளக்கமும் சொன்னாள். மிஷினில் இரண்டு குழாய். ஒன்றில் நல்ல தண்ணீர் வரும். இன்னொன்றில் கழிவுத் தண்ணீர் வரும், அதுதான் அதிகமாக வரும். குடத்துக்கு அலைந்து வளர்ந்தவளுக்கு அத்தனை தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "ஒரு சொட்டுக் கொட்டக் கூடாதும்மா. கோழித்தொட்டிக்கு ஊத்து," என்றாள். அம்மா சொன்னபடி ஊற்றினாள்.

நல்ல தண்ணீரிலிருந்து எடுத்த உப்பு எங்கே போகும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடும். ஏற்கெனவே உப்பான போர்த் தண்ணீரின் மொத்த உப்பும் அந்த இரண்டாம் குழாயில். வெயிலில் தொட்டி வற்றும். வற்றியதன் மேல் இன்னும் ஊற்றும். நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போன உப்பை அந்தச் சீவன்கள் குடித்திருக்கின்றன. உப்பு ஏறிய உடம்பில் ஓடு பிடிக்கவில்லை. கிளிஞ்சலை மூட்டையாகக் கொட்டியிருந்தாலும் பிடித்திருக்காது.

அவள் அடுப்பைப் பற்ற வைத்து, இரண்டு கரண்டிகளில் இரண்டு தண்ணீரையும் சுண்ட வைத்தாள். தங்கம்மாள் வீட்டுத் தண்ணீர் வற்றியதும் கரண்டியில் லேசாக ஒரு கறை. தொட்டித் தண்ணீர் வற்றியதும் நகக் கனத்துக்கு வெள்ளைப் படை.

யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டாள். அத்தையை, தங்கம்மாளை, கோடாங்கியை, ஒரு நாள் பெற்ற தாயைக்கூட. தன் கையை மட்டும் அவள் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

நிமிர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டில் யாரும் இல்லை. சுவரோரம் இருந்த பையும் இல்லை.

*

பஸ் ஸ்டாப்பு நிழலில் ரத்தினம் சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பை காலடியில். ஜோதிகா சாலையைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, அனுப்பாத." ஓடி வந்ததில் சுகந்திக்கு மூச்சு இரைத்தது. "மண்ணும் இல்ல, செய்வினையும் இல்ல. தண்ணி. மிஷின்லருந்து வர்ற கழிவுத் தண்ணி. அதைக் குடிச்சுத்தான் கோழி தோல் முட்டை போட்டுச்சு."

ரத்தினம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதை நீதான ஊத்தச் சொன்ன?"

"நான்தான்."

"ஒரு சொட்டுக் கொட்டக் கூடாதுன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்ப இத்தனை நாளா என் மருமகளைத் தெரு வாயில போட்டது நீயா?"

"தண்ணி ஊத்துனது நான். தெரு வாயில போட்டது நீங்க எல்லாரும்." சொன்னபிறகு அது அதிகப்படி என்று தோன்றியது. ஆனாலும் அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ரத்தினம் சும்மாட்டுத் துணியை உதறினாள். "இன்னிக்குத் தண்ணியை மாத்துனா நாளைக்குக் கெட்டி முட்டை வந்துருமா?"

வரும் என்று ஒரு பொய் சொன்னால் காரியம் முடிந்துவிடும். "வராது. உடம்புல ஏறுன உப்பு இறங்கணும். நாளாகும். ஒண்ணு ரெண்டு தேறாமக்கூடப் போகலாம்."

"அப்ப எதை நம்பி இவளை நிறுத்தச் சொல்லுற?"

சுகந்தி கையில் கொண்டுவந்திருந்த பாட்டிலை நீட்டினாள். "தொட்டித் தண்ணிதான். ஒரு வாய் வச்சுப் பாரு. கருப்பி இதைத் தொடுறதே இல்ல. தங்கம்மா சின்னம்மா வீட்டு ஊருணித் தண்ணிதான் குடிக்குது."

பிறந்ததிலிருந்து இந்த ஊர் உப்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் ரத்தினம். எந்தக் கிணறு எவ்வளவு கரிக்கும் என்று அவள் நாக்குக்குத் தெரியும். பாட்டிலை வாங்கி ஒரு மடக்கு உறிஞ்சினாள். அப்படியே குனிந்து துப்பினாள். மறுபடி துப்பினாள். முந்தானையால் நாக்கைத் துடைத்தாள்.

"இது நம்ம போர்த் தண்ணி இல்லையே," என்றாள். "இதையாடி இந்த வெயில்ல அதுக குடிச்சுச்சுக?"

நரிக்குடி பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. ஜோதிகா குனிந்து பையைப் பிடித்தாள். "இருக்கட்டும் அத்தை. வந்தது வந்தாச்சு. போயிட்டு வந்துர்றேன்." ஒரு காலைப் படியில் வைத்தும்விட்டாள்.

"இறங்குத்தா," என்றாள் ரத்தினம். "தப்பு எங்க மேல. ஏழாம் மாசம் உங்க ஆத்தா வந்து வளையல் போட்டுக் கூட்டிப் போகட்டும். அதுவரைக்கும் நீ எங்கயும் போக வேணாம்."

"இல்ல அத்தை, அம்மாகிட்ட வாரேன்னு சொல்லிட்டேன்."

"நான் பேசிக்கிறேன். இறங்கு."

கண்டக்டர் பொறுமை இழந்து விசில் அடித்தார். ஜோதிகா காலை எடுத்தாள். பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஷம், ஆறுவதற்கு நாளாகும் என்று சுகந்தி நினைத்துக்கொண்டாள்.

பையைச் சுகந்திதான் தூக்கினாள். "நான் எடுத்துக்கிறேன், குடு," என்று ஜோதிகா வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்டாள் என்பதுகூட இல்லை. இரண்டு தடவை பையின் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் ரத்தினம் நேரே வேம்படிக்குப் போய்த் தொட்டியைக் கவிழ்த்தாள். பிச்சையம்மாள் எட்டி நின்று பார்த்தாள். சுகந்தி அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது. வாய் வரவில்லை.

அறைக்குள் பையை இறக்கும்போது கை நழுவியது. பை தரையில் விழுந்து, ணங்கென்று இரும்புச் சத்தம் கேட்டது.

சேலை இப்படிச் சத்தம் போடாது.

ஜோதிகா இன்னும் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். சுகந்தி ஜிப்பை இழுத்தாள். மேலே இரண்டு சேலை. அதற்குக் கீழே கல்யாணப் போர்வையில் சுற்றி, ஒரு தையல் மிஷினின் தலை. அறை மூலையில் ஜோதிகா தெருவுக்குத் தைத்துக் கொடுக்கும் மிஷினின் மேசை எப்போதும்போல் பழைய சேலை போர்த்தி நின்றது. போர்த்தியதை விலக்கிப் பார்த்தாள். பலகையில் வெறும் ஓட்டை. பெல்ட் தொங்கியது. திருகாணிகளைக் கவனமாகக் கழற்றி ஒரு தகர டப்பியில் போட்டு வைத்திருந்தது.

ஓய்வுக்குத் தாய்வீடு போகிறவள் பிழைப்பைக் கழற்றிக்கொண்டு போவாளா?

காலையிலிருந்து இடுப்பில் சொருகி வைத்திருந்த சிவப்புத் துணிப்பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரங்களை உள்ளே மடித்து, இடைவெளி ஒன்று போல, பொடிப்பொடியாகத் தையல். ஊசி பிடித்துத் தைக்கிற கைக்கு இந்த ஒழுங்கு வராது. இந்தத் தெருவில் தையல் மிஷின் இருக்கிற வீடு இது ஒன்றுதான்.

தோல் முட்டையை யாரும் திட்டமிட்டுப் போட வைக்கவில்லை. அது தானாக வந்தது. வந்ததை யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள்.

நிலைப்படியில் நிழல் விழுந்தது. ஜோதிகா திறந்த பையையும், சுகந்தியின் கையிலிருந்த சிவப்புத் துணியையும் பார்த்தாள். முகம் மாறவில்லை. உள்ளே வந்து, கதவை ஒருச்சாய்த்துவிட்டு, பையின் ஜிப்பை மெதுவாக மூடினாள்.

"மதினி, இது நீங்களா?"

"முட்டைக்குத்தான நீ காரணம் தேடுன? அது கிடைச்சிருச்சுல்ல. அதோட விடு சுகந்தி."

வெளியே ஃபோன் அடித்தது. ரத்தினம் பேசுவது கேட்டது. பிறகு அவள் குரல் சந்தோஷமாக வாசலைத் தாண்டி வந்தது.

"ஏத்தா ஜோதிகா, முகேஷு நாளைக்கு வாரானாம். இனிமே ஓசூருக்கே போகலையாம், இங்கனயே இருக்கப் போறானாம். போன வாரமே உங்கிட்டச் சொல்லிட்டேங்கிறான். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

ஜோதிகா இரண்டு கைகளாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு, காலியாக இருந்த மிஷின் மேசையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நல்லதுன்னு நினைச்சுத்தான் நீ என்னைய பஸ்ஸுலருந்து இறக்குன," என்றாள். "போன வருஷம் வயித்துல இருந்தது தானாக் கலையல. இனி உங்க அண்ணனை யாரு தடுப்பா, நீயா?"